பறக்கும் மீன் வண்டியும் பொய் சொன்ன கைகாட்டியும்

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது 'தாமஸ் தி டாங்க் எஞ்சின்' பத்தின பதிவு. ஆமாங்க, அதேதான். நீலக் கலர் எஞ்சின், முன்னாடி ஒரு மூஞ்சி, வாய் அசையாது, கண்ணை மட்டும் உருட்டும். "ஏம்ப்பா, இருபத்தெட்டு வயசுல எழுதறதுக்கு வேற மேட்டரே கிடைக்கலையா?"ன்னு கேக்கறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். மத்தவங்க ஒரு டீயோட வந்து உக்காருங்க, பதிவு கொஞ்சம் நீளம் :-)

இந்தத் தொடர்ல நூத்துக்கணக்கான எபிசோட் இருக்கு. அத்தனையையும் அலசப் போறதில்லை. ஒரே ஒரு எபிசோட். 1984-ல் வந்த முதல் சீசனில் இருக்கிற 'தி ஃப்ளையிங் கிப்பர்'. ஓடறதே சுமார் ஐந்து நிமிஷம்தான். ஆனா அந்த ஐந்து நிமிஷத்துக்குள்ள 1876-ல் நடந்த ஒரு நிஜ விபத்து ஒளிஞ்சிருக்கு. அந்த விபத்துலேர்ந்து பிறந்த ஒரு பொறியியல் பாடம் ஒளிஞ்சிருக்கு. அதுக்கு மேல, நம்ம நாட்டுல 2023-ல் நடந்த ஒரு விபத்தைப் புரிஞ்சுக்கத் தேவையான விஷயமும் இருக்கு. குழந்தைகளுக்கான ரயில் கதைகளில் இதைவிட நல்லதா ஒண்ணை நான் பார்த்ததில்லை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

யார் எழுதின கதை?

மூலக்கதை வில்பர்ட் ஆட்ரி என்கிற ஆங்கிலிகன் பாதிரியார் எழுதினது. 1911-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயசில் பாக்ஸ் என்கிற ஊரில், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் மெயின் லைன் பக்கத்தில் குடியிருந்தார். அந்த இடத்தில் தண்டவாளம் ஏத்தமா இருக்கும். ராத்திரியில் பாரமான கூட்ஸ் வண்டியை மேலே இழுக்க முன்னாடி ஒரு எஞ்சின் முக்கும், பின்னாடி இன்னொரு எஞ்சின் தள்ளும். படுக்கையில் படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கிற பையனுக்கு, ரெண்டு எஞ்சினும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மாதிரி இருக்குமாம். பின்னாளில் வந்த அத்தனை கதைக்கும் விதை அந்தச் சத்தம்தான்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அவர் பையன் கிறிஸ்டோஃபருக்கு அம்மை போட்டுப் படுத்திருந்தப்போ, பொழுது போக சொன்ன கதைகள் 1945-ல் முதல் புத்தகமா வந்தது. 1972 வரைக்கும் மொத்தம் 26 குட்டிப் புத்தகங்கள். அந்த எஞ்சின்கள் ஓடுறதுக்குன்னே இங்கிலாந்துக் கரைக்கும் ஐல் ஆஃப் மேனுக்கும் நடுவில் 'சோடோர்'னு ஒரு தீவையே கற்பனையில் கட்டினார்.

மனுஷன் விசித்திரமான கண்டிப்புக்காரர். எஞ்சின் பேசலாம், அழலாம், பொறாமைப்படலாம், அதெல்லாம் ஓகே. ஆனா தண்டவாளத்துல நடக்கிற சம்பவம் மட்டும் எங்கயாவது, எப்பவாவது, ஏதாவது ஒரு ரயிலுக்கு நிஜமா நடந்ததா இருக்கணும். எஞ்சின் சுரங்கப் பள்ளத்துல விழுந்த கதைக்கும், கொதிகலன்ல மீன் மாட்டிக்கிட்ட கதைக்கும் பின்னாடி அவர் படிச்ச ரயில்வே சங்கதி ஏதாவது இருக்கும். மூஞ்சி கற்பனை, சக்கரம் நிஜம். இதுதான் அவரோட ஃபார்முலா.

'ஃப்ளையிங் கிப்பர்' கதை 1951-ல் வந்த ஆறாவது புத்தகத்தில், ஹென்றி என்கிற பச்சை எஞ்சின் பத்தின தொகுப்பில் இருக்கு. அதை டிவிக்குக் கொண்டு வந்தவர் பிரிட் ஆல்கிராஃப்ட் என்கிற தயாரிப்பாளர். நீராவி ரயில் பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுக்கப் போனப்போ ஆட்ரியைச் சந்திச்சு, கதைகளில் மயங்கி, பணத்துக்காக வீட்டை அடமானம் வரைக்கும் வெச்சு இந்தத் தொடரை எடுத்தாங்க. இயக்கம் டேவிட் மிட்டன். இங்கிலாந்தின் ஐடிவியில் அக்டோபர் 1984-ல் ஆரம்பிச்சது. கதை சொன்னவர் யார் தெரியுமா? பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார்!

கதைச் சுருக்கம் (ஸ்பாய்லர் உண்டு)

கிப்பர்னா பிளந்து உப்புப் போட்டுப் புகையில் வாட்டின ஹெர்ரிங் மீன். துறைமுகத்தில் இறங்குற மீனை விடியறதுக்குள்ள வெளியூருக்குக் கொண்டு போற ஸ்பெஷல் கூட்ஸுக்கு ரயில்வேக்காரங்க வெச்ச செல்லப் பேர் 'ஃப்ளையிங் கிப்பர்'. 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்'னு ஒரு ராஜ வண்டி இருந்துச்சு இல்லையா, அந்தப் பேரைக் கிண்டல் பண்ணி வெச்ச மாதிரிதான் எனக்குத் தோணுது. நம்ம ஊரா இருந்தா 'கருவாட்டு எக்ஸ்பிரஸ்'னு வெச்சிருப்போம்.

குளிர்காலம். நம்ம ஹென்றிக்கு உடம்பு சரியில்லாம இருந்து இப்பத்தான் தேறியிருக்கு. அதோட அடுப்பு சின்னது. சாதா நிலக்கரி போட்டா நீராவி பத்தாது. வேல்ஸ்லேர்ந்து வர்ற உசத்தி நிலக்கரி போட்டாத்தான் ஓடும். நாளைக்கு மீன் வண்டியை ஒழுங்கா இழுத்தா, பெரிய எக்ஸ்பிரஸ் இழுக்கிற சான்ஸ் கிடைக்கலாம்னு டிரைவர் ரகசியமா ஆசை காட்டறார்.

காலையில் அஞ்சு மணி. பனி, உறைகுளிர். கூலிக்காரங்க கத்திக்கிட்டே மீன் பெட்டிகளை ஏத்தறாங்க. கடைசிக் கதவு சாத்தியாச்சு, கார்டு பச்சை விளக்கைக் காட்டறார், வண்டி கிளம்புது. கொஞ்ச தூரம் போனதும் வானம் வெளுக்குது. ஹென்றி குஷியாப் பாட்டுப் பாடாத குறையா ஓடுது. எதிர்ல கைகாட்டி இறங்கியிருக்கு. அதாவது, போகலாம்.

இப்ப கேமரா வேற இடத்துக்குப் போகுது. மீன் வண்டிக்கு வழி விட்டு ஒரு கூட்ஸ் வண்டி ஓரப் பாதையில் ஒதுங்கி நிக்குது. மெயின் லைன்லேர்ந்து அந்த ஓரப் பாதைக்குத் திருப்பற பாயிண்ட்ஸ் பனியில் உறைஞ்சு, ஓரப் பாதைப் பக்கமே மாட்டிக்கிட்டு நிக்குது. அதனால கைகாட்டியை 'நில்'லுனுதான் வெச்சிருக்காங்க. ஆனா அது மேல சேர்ந்த பனி பாரம் தாங்காம கையைக் கீழே அமுக்கிடுச்சு. ஹென்றிக்குத் தெரிஞ்சது 'போகலாம்'.

கூட்ஸ் வண்டியோட டிரைவரும் ஃபயர்மேனும் குளிருக்கு இதமா பிரேக் வேன்ல கார்டோட உக்காந்து கோகோ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. கிப்பர் வர்ற நேரமாச்சுன்னு கார்டு சொல்றார். வந்தா வரட்டுமே, கோகோ நல்லாருக்குன்னு ஃபயர்மேன். டிரைவர் எழுந்து, வாப்பா எஞ்சினுக்குப் போகலாம்னு கூப்பிட, முணுமுணுத்துக்கிட்டே ஃபயர்மேனும் இறங்க... டமால்! ஹென்றி பின்னாலேர்ந்து வந்து பிரேக் வேன்மேல மோதிடுது.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஹென்றியோட டிரைவரும் ஃபயர்மேனும் மோதறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டாங்க. ஹென்றி சாஞ்சு கிடக்குது. குண்டு கன்ட்ரோலர் (தீவு ரயில்வேயோட பெரிய தலை) வந்து பார்க்கிறார். கைகாட்டி இறங்கித்தான் இருந்துச்சு சார்னு ஹென்றி பரிதாபமா சொல்லுது. உன் தப்பு இல்லை, பனிதான் காரணம்னு அவர் தேத்தி, குரூ நகரத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பறார். புது உருவம், பெரிய அடுப்போட ஹென்றி திரும்பி வருது. அவ்வளவுதான் கதை.

இதுல என்ன பெரிசா இருக்கு?

ஒண்ணு, வேலையைக் காட்டற விதம். குழந்தைகள் நிகழ்ச்சின்னா உடனே சாகசம் ஆரம்பிச்சுடும். இதுல பாருங்க, முதல் ஒரு நிமிஷம் முழுக்க மீன் எங்கேர்ந்து வருது, யார் ஏத்தறாங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு குளிரில் என்பதுதான். தட்டுல விழற மீனுக்குப் பின்னாடி விடியக்காலை அஞ்சு மணிக்கு யாரோ வேலை பார்த்திருக்காங்கன்னு நாலு வயசுக் குழந்தைக்கு ஒரு பிரசங்கமும் இல்லாம புரிய வெச்சுடறாங்க. படம் எடுத்ததும் பொம்மை மாடல் ரயில்களை வெச்சுத்தான். நிஜப் புகை, நிஜச் சக்கரம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல வர்ற ரயிலுக்கு எடையே இருக்காது. இதுல எஞ்சின் மோதினா எடையோட மோதும்.

ரெண்டு, கோகோ. மோதல் வரப்போகுதுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும். கோகோ குடிக்கிறவங்களுக்குத் தெரியாது. ஹிட்ச்காக் மேஜைக்கு அடியில் வைக்கிற குண்டு மாதிரிதான், இவங்க ஒரு டம்ளர் கோகோவை வெச்சு அதே வேலையை முடிச்சுட்டாங்க. அதுவும் ரத்தமோ அலறலோ எதுவும் இல்லாம. ரிங்கோ குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்து வீட்டு மாமா பேப்பர் படிச்சுச் சொல்ற தொனி. அந்த நிதானம்தான் குழந்தையை பயமுறுத்தாம பதட்டப்பட வைக்குது.

மூணு, காரணத்தை ஒளிக்காதது. பாயிண்ட்ஸ் உறைஞ்சது, கைகாட்டி அமுங்கினதுன்னு ரெண்டே வாக்கியத்துல விபத்தோட முழு இயந்திரக் காரணமும் வந்துடுது. குழந்தைக்குப் புரியாதுன்னு விடலை. புரியற அளவுக்குச் சொல்லி, மீதியை கேள்வியா விட்டுட்டாங்க.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். இந்தத் தொடரோட வழக்கமான கதை என்ன? ஒரு எஞ்சின் திமிர் பிடிச்சு ஆடும், மாட்டிக்கும், திட்டு வாங்கும், திருந்தும். நீதிக்கதை. ஆனா இந்த எபிசோட்ல ஹென்றி ஒரு தப்பும் பண்ணலை. சொன்ன வேலையைச் செஞ்சுது, கைகாட்டியைப் பார்த்துதான் போச்சு. அப்படியும் விபத்து. நல்ல பிள்ளையா இருந்தா நல்லதே நடக்கும்னு சொல்லாத குழந்தைக் கதை ரொம்ப அபூர்வம். அதோட, விபத்து நடந்த இடத்துல பெரியவர் முதல்ல கேக்கறது யார் பண்ணினதுன்னு இல்லை. 'உன் தப்பு இல்லை'ன்னு சொல்றார். இதை அலுவலகத்துல எத்தனை மேனேஜர் சொல்லிக் கேட்டிருக்கோம்? ஹூம்.

1876: நிஜக் கதை

ரயில் வரலாறு படிக்கிறவங்க இந்தக் கதைக்கு மூலம்னு சொல்றது ஏபட்ஸ் ரிப்டன் விபத்து. லண்டனுக்கு வடக்கே, ஹன்டிங்டன் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். கிரேட் நார்தர்ன் ரயில்வே. நாள் 1876 ஜனவரி 21. சாயங்காலம், கடுமையான பனிப்புயல்.

எடின்பரோவிலிருந்து லண்டன் வர்ற ஸ்காட்ச் எக்ஸ்பிரஸுக்கு முன்னாடி ஒரு நிலக்கரி கூட்ஸ் தெற்கே போய்க்கிட்டிருக்கு. எக்ஸ்பிரஸுக்கு வழி விட அதை ஹோம் என்கிற ஸ்டேஷன்லயே ஒதுக்கியிருக்கணும். அங்கே கைகாட்டியை 'நில்'லுக்கு மாத்தினாங்க. ஆனா கூட்ஸ் டிரைவருக்குத் தெரிஞ்சது 'போகலாம்' விளக்கு. போயிட்டார். அடுத்து ஏபட்ஸ் ரிப்டன்ல கை விளக்கை ஆட்டி அதை நிறுத்தி, ஓரப் பாதைக்குள்ள பின்னாடி தள்ளிக்கிட்டிருக்கும்போதே எக்ஸ்பிரஸ் வந்துடுச்சு. அந்த டிரைவருக்கும் வழியெல்லாம் 'போகலாம்'தான் தெரிஞ்சது. முழு வேகத்துல மோதல். கவிழ்ந்த பெட்டிகள் எதிர்ப் பாதையை மறிச்சுடுச்சு. சில நிமிஷத்துல லண்டன்லேர்ந்து லீட்ஸ் போற இன்னொரு எக்ஸ்பிரஸ் வந்து அந்தச் சிதைவுமேல மோதுச்சு. பிரேக் போட்டும் நிக்கலை. பத்துக்கும் மேற்பட்ட பயணிகள் செத்துப் போனாங்க, பல மடங்கு பேருக்குக் காயம்.

ஏன் கைகாட்டி பொய் சொல்லுச்சு? இங்கதான் நம்ம ஆளுங்க காது கூர்மையாகணும்.

அந்தக் காலக் கைகாட்டியில் கம்பத்துக்கு நடுவில் ஒரு பிளவு இருக்கும். 'நில்'லுன்னா கை கிடைமட்டமா நீட்டியிருக்கும். 'போகலாம்'னா கை கீழே இறங்கி அந்தப் பிளவுக்குள்ள ஒளிஞ்சுக்கும். சிக்னல் பாக்ஸ்லேர்ந்து கம்பி இழுத்து இயக்கறது. அந்த ரயில்வேயில் அப்போ இருந்த வழக்கப்படி, கைகாட்டி சாதாரணமா 'போகலாம்'லயே இருக்கும். தேவைப்பட்டா மட்டும் 'நில்'லுக்கு மாத்துவாங்க.

பனி கொட்டும்போது கை பிளவுக்குள்ள இருந்துச்சு. பிளவு முழுக்கப் பனி அடைச்சு இறுகிப் போச்சு. கம்பியிலும் பனி உறைஞ்சு பாரம் ஏறிடுச்சு. பாக்ஸ்ல இருக்கிறவர் லீவரை மாத்தினார். லீவர் மாறுச்சு, கை மாறலை. அவர் லீவரைப் பார்த்தார், சரியா இருந்துச்சு. டிரைவர் விளக்கைப் பார்த்தார், அதுவும் சரியா இருந்துச்சு. ரெண்டு பேருமே தன் கண் முன்னாடி இருந்ததை நம்பினாங்க. ரெண்டுக்கும் நடுவில் இருந்த கம்பிதான் பொய் சொல்லுச்சு.

விசாரணைக்கு அப்புறம் ரயில்வேக்கள் மாற ஆரம்பிச்சதைப் பட்டியல் போடறேன்:

1. கைகாட்டியோட இயல்பு நிலை 'நில்'. வண்டிக்கு வழி கொடுக்கும்போது மட்டும் 'போகலாம்'. கேக்கும்போது சின்ன மாற்றம். ஆனா தலைகீழ் மாற்றம்.

2. கையோட வடிவமைப்பு. கிரேட் நார்தர்ன், கம்பத்தைவிட்டு வெளியே தள்ளி, நடுவில் சுழலற 'சோமர்சால்ட்' கைகாட்டிக்கு மாறுச்சு. பனி அடைக்கப் பிளவே கிடையாது.

3. விளக்கோட நிறம். அப்போ ராத்திரியில் 'போகலாம்'னா வெள்ளை விளக்கு! சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்தா என்ன தெரியும்? வெள்ளை. அதாவது ரிப்பேர் ஆன சிக்னல் 'வாங்க வாங்க'ன்னு கூப்பிடும். 1890-கள் வாக்கில் வெள்ளையை விட்டுட்டுப் பச்சைக்கு மாறினாங்க. நாம இன்னிக்குத் தெருமுனையில் பார்க்கிற பச்சை விளக்குக்குப் பின்னாடி இந்த வரலாறெல்லாம் இருக்கு.

4. பிரேக். எல்லாப் பெட்டியிலும் சேர்ந்தாப்ல பிடிக்கிற பிரேக் வேணும்னு பேச்சு வலுத்தது. சட்டமா வர 1889 ஆச்சு. அதுக்கும் ஆர்மாவில் இன்னொரு பெரிய விபத்து நடக்க வேண்டியிருந்துச்சு. அரசாங்கம்னா எங்கயும் அப்படித்தான்.

இதோட ஒரு குட்டி விஷயம். 1920-களிலிருந்து பிரிட்டனில் பல ரயில்வேக்கள் 'போகலாம்'னா கை மேலே தூக்கற கைகாட்டிக்கு மாறினாங்க. காரணம் வெறும் புவியீர்ப்பு. கம்பி அறுந்தாலும், பனி ஏறினாலும் கை கீழே விழும். கீழேன்னா 'நில்'. ஆட்ரி சின்ன வயசில் பார்த்து வளர்ந்த கிரேட் வெஸ்டர்ன் மட்டும் கடைசிவரைக்கும் கீழே இறங்கற கையையே வெச்சிருந்தது. ஹென்றி கதையில் பனி கையைக் கீழே அமுக்கினதும் அது 'போகலாம்' ஆயிடுச்சு இல்லையா? மேலே தூக்கற கையா இருந்திருந்தா அந்தக் கதையே நடந்திருக்காது! நம்ம ஊர் கைகாட்டி மரத்துலயும் கீழே இறங்கற கைதான் ரொம்ப காலம் பழக்கம். 'கைகாட்டி இறங்கிடுச்சு'ன்னா வண்டி வரப்போகுதுன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்களே, அதேதான். கம்பி அறுந்தா கை தானா மேலே போற மாதிரி எதிர் எடை வெச்சிருப்பாங்க.

"சிக்னல் ஏன் மாமா பொய் சொல்லுச்சு?"

எங்க அக்கா பையனுக்கு ஐந்து வயசு. யூடியூப்ல இந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். முடிஞ்சதும் அவன் கேட்டது ஹென்றிக்கு வலிச்சுதான்னு இல்லை. "சிக்னல் ஏன் மாமா பொய் சொல்லுச்சு?"

யோசிச்சுப் பாருங்க, எபிசோட் இந்தக் கேள்விக்கு முழுசா பதில் சொல்லலை. பனிதான் காரணம்னு குண்டு கன்ட்ரோலர் முடிச்சுடறார். ஹென்றிக்கு ஆறுதல் சொல்ல அது போதும். ஆனா 1876 விசாரணை அங்கே நிக்கலை. பனி வருஷா வருஷம் பெய்யும். பனி பெய்ஞ்சா 'போகலாம்'னு சொல்ற கைகாட்டியை யார் செஞ்சது? பாரம் ஏறினா, கம்பி உறைஞ்சா, கண்ணாடி உடைஞ்சா எந்தப் பக்கம் விழணும்னு யார் தீர்மானிச்சது? தப்பு இயற்கை மேல இல்லை. ஹென்றி மேலயும் இல்லை. வடிவமைப்பு மேல.

நான் அவனுக்குச் சொன்ன பதில்: "அந்த சிக்னலுக்குத் தெரியலைன்னா 'தெரியலை, நில்லு'ன்னு சொல்லத் தெரியாதுடா. தெரியாட்டியும் 'போ'ன்னு சொல்லிடுச்சு." பய புள்ள கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப மக்கு சிக்னல்"னுட்டான். நாலு வருஷம் எஞ்சினியரிங் காலேஜ்ல எனக்கு யாரும் ஃபெயில்-சேஃப் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமா சொல்லிக் கொடுக்கலை :-)

நம்ம ஆணி பிடுங்கற தொழில்லயும் இதே கதைதான். நான் பார்த்த ஒரு ப்ராஜெக்ட்ல சர்வர்களோட நிலைமையைக் காட்டற பெரிய ஸ்க்ரீன் இருந்துச்சு. எல்லாம் பச்சை. கஸ்டமர் போன் பண்ணிக் கத்தறார், ஸ்க்ரீன் பச்சை. கடைசியில் பார்த்தா, தகவல் அனுப்பற புரோகிராமே செத்துக் கிடக்கு. கடைசியா வந்த பச்சையையே ஸ்க்ரீன் காட்டிக்கிட்டு இருந்துச்சு. தகவல் வரலைன்னா சிவப்பாக்குன்னு யாரும் எழுதி வைக்கலை. 1876-ல் பிளவுக்குள்ள உறைஞ்ச கைகாட்டியும் இதுவும் ஒண்ணுதான். நமக்கு போனது ஒரு வீக்கெண்ட். அங்கே போனது உயிர்.

பாலசோர்

இது வெறும் பழங்கதைன்னு நினைக்காதீங்க.

2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பாஹாநாகா பஜார் ஸ்டேஷன். ஷாலிமார்லேர்ந்து சென்னை வர்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ். மெயின் லைன்ல நேரா போகலாம்னு பச்சை சிக்னல். ஆனா பாயிண்ட்ஸ் லூப் லைன் பக்கம் திரும்பியிருந்துச்சு. லூப் லைன்ல இரும்புத் தாது ஏத்தின கூட்ஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு. முழு வேகத்துல மோதல். தடம் புரண்ட பெட்டிகள் பக்கத்துப் பாதையில் போய்க்கிட்டிருந்த பெங்களூரு-ஹவுரா எக்ஸ்பிரஸையும் விட்டு வைக்கலை. 290-க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க.

இப்ப ஹென்றி கதையைத் திரும்பப் படிங்க. போகலாம்னு சொல்ற சிக்னல், ஓரப் பாதைக்குத் திரும்பின பாயிண்ட்ஸ், அங்கே ஒதுங்கி நிக்கிற கூட்ஸ். அச்சு அசல் அதேதான். ரெண்டாவது வண்டி வந்து மாட்டினது ஏபட்ஸ் ரிப்டன்.

பாலசோர்ல பனி இல்லை. ரயில்வே பாதுகாப்பு கமிஷனரின் விசாரணையில் வெளியே வந்தது சிக்னல் சர்க்யூட்ல செஞ்ச மாற்றங்களில் நடந்த தவறான வயர் இணைப்பு. 1876-ல் கம்பியில் உறைபனி, 2023-ல் கம்பியில் தப்பான இணைப்பு. பாயிண்ட்ஸ் உண்மையில் எந்தப் பக்கம் இருக்குங்கறதும், சிக்னலுக்குத் தெரிஞ்சதும் வேற வேறயா போச்சு.

விபத்து நடந்த மறுநாளே நம்ம சமூக வலைத்தளங்களில் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? டிரைவர் தூங்கிட்டாரா? ஸ்டேஷன் மாஸ்டர் யாரு, என்ன மதம்? வதந்தி மேல வதந்தி. டிரைவருக்குக் கிடைச்சது பச்சை சிக்னல்தான்னு ரயில்வே வாரியமே சொல்ல வேண்டி வந்துச்சு. கைகாட்டி இறங்கித்தான் இருந்துச்சு சார்னு ஹென்றி சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

2024 அக்டோபர் 11, நம்ம சென்னைக்குப் பக்கத்துல கவரைப்பேட்டை. பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல், வண்டி போனது லூப் லைனுக்கு, அங்கே நின்னது கூட்ஸ். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மூணாவது தடவையா அதே கதை.

அதனாலதான் சொல்றேன், இந்த ஐந்து நிமிஷ எபிசோடை விளையாட்டா எடுத்துக்காதீங்க. விபத்து நடந்தவுடனே ஆளைத் தேடாம, 'உன் தப்பு இல்லை'ன்னு முதல்ல சொல்லி, அப்புறம் எது உடைஞ்சதுன்னு கேக்கணும்னு சின்ன வயசுலயே ஒரு கதை சொல்லிக் கொடுக்குது. அந்த ரெண்டாவது பாதியை, அதாவது எதனால அப்படி உடைஞ்சதுங்கறதை, கூட உக்காந்து பார்க்கிற பெரியவங்கதான் சொல்லணும். கதை அதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கு. குழந்தை கேள்வி கேக்கற மாதிரி முடியறதைவிட ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வேற என்ன பலம் வேணும்?

ஆட்ரி 1997-ல் காலமானார். டேவிட் மிட்டன் 2008-ல். பிரிட் ஆல்கிராஃப்ட் 2024 டிசம்பர்ல. அவங்க செஞ்ச மீன் வண்டி இன்னும் எத்தனையோ வீட்டுல ஓடிக்கிட்டுதான் இருக்கு.

வீட்டுல வாண்டுங்க இருக்கிற பதிவர்கள் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. முடிஞ்சதும் அதுங்க முதல்ல என்ன கேள்வி கேட்டுதுன்னு பின்னூட்டத்துல கண்டிப்பா சொல்லணும், ஆமா!

பி.கு: ஹென்றிக்குப் புது உருவம் கொடுத்ததுக்குக் கதைக்கு வெளியே ஒரு ரகசியக் காரணம் உண்டு. புத்தகத்துக்குப் படம் போட்ட ரெஜினால்ட் டால்பி, ஹென்றியையும் கோர்டன் என்கிற இன்னொரு எஞ்சினையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரைஞ்சு வெச்சுட்டார். படிக்கிற குழந்தைகளுக்கெல்லாம் குழப்பம். ஆட்ரி பார்த்தார், ஹென்றியை மோத விட்டு, குரூ ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, நிஜத்துல 842 எஞ்சின் செஞ்சு ஓட்டின ஸ்டேனியர் 'பிளாக் ஃபைவ்' வடிவத்துல திரும்பக் கொண்டு வந்துட்டார். ஒரு பக்-ஐ சரி பண்ண ரயிலையே கவிழ்த்தவர். இவரைத்தான் நாம டீம் லீடா வெச்சிருக்கணும்!